எழுதப்படாத பூஜ்யம்

மருத்துவமனையில் அவளுக்குப் "பெரிய புள்ளி" என்று பெயர். புள்ளியியல் நிபுணர் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்ததை நர்சுகள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டார்கள். பெயரில் கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் பயம். எந்த டாக்டரின் ஆய்வும் அவள் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். "தேறல" என்று அவள் சொல்லிவிட்டால் இரண்டு வருட உழைப்பு அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உள்ளூர அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் பிடித்துத்தான் இருந்தது. கண்டுகொள்ளாததுபோல் இருந்துகொள்வாள்.

வீட்டில் அந்தச் செல்வாக்கு கொஞ்சமும் செல்லாது. அங்கே இருந்தவள் நாத்தனார்.

கணவனின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பின்னறையில் குடியிருப்பு, அதே மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை. அந்த வார்டில் மூன்று அணிகள். ஒன்றுக்கு இவள் தலைமை. இருபத்திரண்டு வருட அனுபவம். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: "ஊசி அக்கா." அதில் கிண்டல் மட்டும்தான்.

அண்ணியும் நாத்தனாரும் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. காபி ஆறிப்போகிறது என்பதைக்கூடக் கணவன் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க," "உங்க சம்சாரத்துகிட்ட சொல்லுங்க" என்று ஒரே சமையலறையில் மூன்றடி தூரத்துக்குத் தூது போன அந்த மனிதர், பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறவர். "என் பஸ்ல நூறு பேர் சண்டை போட்டாலும் இறங்கிப் போயிடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் இறங்கவும் மாட்டேங்கிறீங்க, பேசவும் மாட்டேங்கிறீங்க" என்று ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டார்.

சண்டை ஒரு கருவியைப் பற்றியது.

பிறந்த குழந்தைகளுக்குக் காமாலை கண்டு மஞ்சள் ஏறுவது சகஜம். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க முன்பெல்லாம் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் புதுக் கருவி வந்தது. குழந்தையின் நெற்றியில் வைத்து அழுத்தினால் போதும், எண் வந்துவிடும். குத்தவும் வேண்டாம், அழவும் வேண்டாம். எண் பதினேழைத் தொட்டால் குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்கவைக்க வேண்டும். தொடாவிட்டால் தாயோடு வீட்டுக்கு அனுப்பலாம். இனி யாரும் காரணமில்லாமல் குத்தக் கூடாது என்று விதியும் வந்தது.

ஊசி அக்கா குத்திக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு குத்து. ஒரு தகப்பன் புகார் கொடுத்துவிட்டான். வியாழக்கிழமை விசாரணை. நிரூபணமானால் அவளை வார்டிலிருந்து எடுத்துக் கோப்பு அறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்த வார்டைத் தவிர வேறு வாழ்க்கை தெரியாதவளுக்கு அது தண்டனை இல்லை, அதற்கு மேல்.

மூன்று வாரத்துக்கு முன்னால், நோட்டீஸ் வந்த அன்று, நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, அந்த மெஷின் சரின்னு கணக்குப் போட்டுக் கொடுத்தது நீங்கதானே? இன்னொரு தடவை பாருங்களேன்."

"பாத்தாச்சு. நூத்திருபது குழந்தைங்க. உன் இஷ்டத்துக்குக் கணக்கு மாறுமா?"

"அது சமாதானம் பேசற மெஷின் அண்ணி. கம்மியா இருந்தா கூட்டிச் சொல்லுது, ஜாஸ்தியா இருந்தா குறைச்சுச் சொல்லுது. மொதல்லயே சொன்னேன் உங்ககிட்ட."

"உன் கண்ணு சொல்றதையும் நூத்திருபது குழந்தைங்க சொல்றதையும் ஒரே தட்டுல வைக்க முடியாது."

நாத்தனார் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை காலை நிர்வாகி அம்மாவிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. விசாரணைக்கு அவர்தான் தலைமை. மருத்துவமும் தெரியாது, புள்ளியியலும் தெரியாது. ஆனால் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று பெயரெடுத்தவர். "கருவி அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். நட்சத்திரம் வேண்டாம். அது எப்படி வந்தது என்று படிப்படியாக, எனக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்."

பெரிய புள்ளிக்குச் சிரிப்பு வந்தது. பத்து நிமிஷ வேலை. பழைய கோப்பைத் திறந்தாள். மென்பொருளை ஓடவிட்டாள். அதே அட்டவணை அப்படியே வந்து திரையில் உட்கார்ந்தது.

நூற்றிருபது குழந்தைகள். ஒவ்வொன்றுக்கும் ரத்தத்தில் ஓர் அளவு, கருவியில் ஓர் அளவு. இரண்டையும் புள்ளிகளாக வைத்து நடுவே பொருத்தமான கோடு போடுவதற்குத்தான் ரெக்ரஷன் என்று பெயர். கோட்டின் சாய்வு 0.82. அந்த 0.82 எவ்வளவு முன்பின் தடுமாறலாம் என்பதைச் சொல்லும் திட்டப்பிழை 0.05. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 16.4. அதுதான் டி மதிப்பு. இரண்டைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய சங்கதி என்பார்கள். இது பதினாறைத் தாண்டியிருந்தது. தற்செயல் இல்லை, உறுதியான முடிவு என்பதற்கு அடையாளமாக மென்பொருள் மூன்று நட்சத்திரத்தை அள்ளிப் போட்டதில் ஆச்சரியம் இல்லை.

நிர்வாகி அம்மாவுக்காக எழுத ஆரம்பித்தாள். முதல் படி: சாய்வை எடுத்துக்கொள்ளவும். இரண்டாம் படி: அதிலிருந்து, எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்த எண்ணைக் கழிக்கவும். மூன்றாம் படி: திட்டப்பிழையால் வகுக்கவும்.

இரண்டாம் படியை அவள் பல வருடங்களாக எழுதியதே இல்லை. யாரும் எழுதுவதில்லை. ஒப்பிடுகிற எண் பூஜ்யம். பூஜ்யத்தைக் கழித்தால் என்ன, கழிக்காவிட்டால் என்ன? மென்பொருளும் அப்படித்தான். கேட்காமலேயே பூஜ்யத்தோடு ஒப்பிட்டு, விடையை மட்டும் கொண்டுவந்து வைக்கும். ஆனால் நிர்வாகி அம்மா கேள்வி கேட்பார். ஏன் பூஜ்யம் என்பார். அதற்கும் ஒரு வரி எழுதிவிடலாம் என்று விசைப்பலகையில் விரலை வைத்தாள்.

"சாய்வு பூஜ்யம் என்றால், ரத்தத்தில் மஞ்சள் ஏறினாலும் இறங்கினாலும் கருவி கண்டுகொள்ளாது என்று பொருள். நம் கருவி அப்படி இல்லை என்பதை..."

விரல் நின்றுவிட்டது.

அப்படி இல்லை என்று யார் சந்தேகப்பட்டார்கள்? கருவிக்கும் குழந்தைக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னார்களா? சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடுகிறது என்று மூன்று நட்சத்திரத்தோடு சான்றிதழ் கொடுத்திருக்கிறாள். சரியான நேரம் காட்டுகிறதா என்று பார்க்கவே இல்லை. சரியான கருவி என்றால் ரத்தத்தில் ஒன்று ஏறும்போது கருவியிலும் ஒன்று ஏற வேண்டும். கழிக்க வேண்டிய எண் பூஜ்யம் இல்லை. ஒன்று.

மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்தாள். 0.82 கழித்தல் 1. வகுத்தல் 0.05. பேனாவே தேவைப்படவில்லை. கழித்தல் 3.6. குறியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இரண்டைத் தாண்டிய எண்; சாய்வு ஒன்று இல்லை.

மனம் ஒப்பவில்லை. சாய்வு ஒன்றுக்குச் சமமா என்று மென்பொருளையே கேட்டாள். ஒரே ஒரு வரிக் கட்டளை. அது தன் வழக்கப்படி டி மதிப்பைச் சொல்லாமல் எஃப் மதிப்பைச் சொன்னது: 12.96. மூன்று புள்ளி ஆறின் வர்க்கம். தற்செயலாக இப்படி வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தட்டியிருக்க வேண்டிய அந்த ஒரு வரியைத் தட்ட அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அட்டவணையின் கீழ்வரியையும் பார்த்தாள். அங்கே 1.6 என்றிருந்தது, கோடு தொடங்குகிற இடம். ரத்த அளவை 0.82-ஆல் பெருக்கி இந்த 1.6-ஐக் கூட்டினால் கருவி காட்டும் எண் வரும். ரத்தத்தில் ஐந்து இருந்தால் கருவி 5.7 என்று காட்டும். ஒன்பதுக்குப் பக்கத்தில் இரண்டும் ஒத்துப்போகும். ரத்தத்தில் பதினெட்டு இருந்தால் கருவி 16.4 என்று காட்டும். பதினேழைத் தொடவில்லை, தாராளமாக வீட்டுக்கு அனுப்பலாம். அன்றைக்கு ஆய்வுக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஒன்பது, பத்து என்று நடுவில் இருந்தவர்கள். அதனால் சராசரி அழகாகப் பொருந்தியிருந்தது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

கம்மியா இருந்தா கூட்டிச் சொல்லுது, ஜாஸ்தியா இருந்தா குறைச்சுச் சொல்லுது. நாத்தனார் மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னதும் இதுதான், இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னதும் இதுதான். இந்த அட்டவணையின் இரண்டு வரியையும் அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தாள். பெரிய புள்ளிக்கு வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை, நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போன்ற வெட்கம்.

நேராகப் பெரிய டாக்டரிடம் போனாள். குழந்தைகள் பிரிவின் தலைவர். அறிக்கையில் அவளுக்கு மேல் இருந்த கையெழுத்து அவருடையது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ரத்தப் பரிசோதனையிலயும் தப்பு வரும்ல? அதனாலயே கோடு கொஞ்சம் சாயும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"அதையும் சேத்துப் பாத்துட்டேன் டாக்டர். ஒவ்வொரு சொட்டையும் லேப்ல ரெண்டு தடவை பாத்திருக்காங்க. அந்தத் தப்பைக் கழிச்சாலும் கோடு பெருசா நிமிரல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நாளன்னைக்கு விசாரணை. நீங்க பழைய டேபிளை மட்டும் கொடுங்க. அதுல எதுவும் பொய் இல்லையே. ஒரு மாசம் போகட்டும், புது ஆய்வுன்னு சொல்லி மெதுவா மாத்திக்கலாம். உங்களுக்கும் நல்லது. இல்லன்னா சொந்த நாத்தனாருக்காகக் கணக்கை வளைச்சுட்டாங்கன்னு ஊரே பேசும்."

பேசத்தான் பேசும். அதை அவள் யோசிக்காமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சரி என்றவள், நாத்தனார் மாட்டிக்கொண்டதும் தப்பு என்கிறாள். கேட்கிறவன் சிரிப்பான். இனி அவள் மேஜையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு காகிதத்தையும் ஒருமுறை சந்தேகமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தப் பட்டப்பெயரும் காற்றில் போய்விடும்.

அன்றும் மறுநாளும் வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. நாத்தனாரிடம் சொல்லிவிடலாம் என்று பின்னறைக் கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள். சொன்னால் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்றாகிவிடும் என்று மனதுக்குள் காரணம் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை என்பது.

வியாழக்கிழமை, கூட்ட அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் நிர்வாகி அம்மா, பெரிய டாக்டர், வெளியிலிருந்து வந்த இன்னொரு டாக்டர். இந்தப் பக்கம் ஊசி அக்கா தனியாக, சீருடையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. அண்ணி உள்ளே வந்ததும் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தனக்கு எதிராக வந்திருக்கும் காகிதம் யார் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

நிர்வாகி அம்மா தனக்குக் கொடுத்த பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் படியில் விரல் நின்றது.

"இங்க ரெண்டு எண் போட்டிருக்கீங்களே. பூஜ்யம்னு ஒண்ணு, ஒன்றுன்னு ஒண்ணு. எதைக் கழிக்கணும்?"

"ஒன்றை மேடம். நான் கழிக்கல. அதான் தப்பு."

பெரிய டாக்டர் நாற்காலியில் அசைந்தார். அவள் நிறுத்தவில்லை. கடிகாரம் உதாரணத்தைச் சொன்னாள். பதினெட்டு 16.4 ஆகிற கதையைச் சொன்னாள்.

நிர்வாகி அம்மா ஊசி அக்கா பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

ஊசி அக்கா ஜன்னலிலிருந்து பார்வையை எடுத்தாள். அண்ணியைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும், மூன்று வார ஆத்திரமும் தீர்ந்துவிடும்.

"வார்டுல சொன்னேன் மேடம்," என்றாள்.

அவ்வளவுதான். வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"என்கிட்டயும் சொன்னா மேடம்," என்றாள் பெரிய புள்ளி. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. எங்க வீட்டுச் சமையலறையில. அப்புறம் மூணு வாரத்துக்கு முன்னாடி இன்னொரு தடவை. நான்தான் காதுல வாங்கல. இவ என் நாத்தனார். அவளுக்காகத்தான் கணக்கை மாத்தினேன்னு நினைக்கலாம். அதனால மூலத் தரவை அப்படியே கொண்டு வந்திருக்கேன். வெளியில யார்கிட்ட வேணும்னாலும் கொடுத்துப் பாருங்க."

வெளியிலிருந்து வந்த டாக்டர் புகார்க் கோப்பைப் புரட்டினார். "இருந்தாலும் இருநூத்துப் பதினாலு குழந்தைகளைக் குத்தியிருக்காங்க. அதுல மெஷின் கம்மியா காட்டி, ரத்தத்துல பதினேழைத் தாண்டினது பதினொண்ணுதான். இது அதிகம் இல்லையா? மத்த ரெண்டு அணியில குத்தவும் இல்ல, ஒரு குழந்தை கூட நழுவவும் இல்லையே."

அந்த வாக்கியம் அவளுக்குள் எங்கோ போய்த் தட்டியது. புகார்க் கோப்பில் அந்த எண்களை அவளும் பார்த்திருந்தாள். பார்த்தும் பார்க்கவில்லை. குழந்தைகள் எந்த அணிக்குப் போவது என்று தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. ஒரு அணியில் பதினொன்று என்றால் மற்ற இரண்டிலும் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"நழுவலன்னு எப்படிச் சொல்றீங்க டாக்டர்?" என்றாள் மெல்ல. "குத்தினாதானே தெரியும்?"

நிர்வாகி அம்மா கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

விசாரணை அன்றே முடிந்தது. ஊசி அக்கா மீது குற்றமில்லை. கருவி பன்னிரண்டுக்கு மேல் காட்டினால் கட்டாயம் குத்திப் பார்க்க வேண்டும் என்று மாலைக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. பெரிய புள்ளியின் தவறு அவள் பணிப் பதிவேட்டில் ஏறும் என்றார்கள். ஏறட்டும் என்றாள்.

மறுநாள் மதியம் அவள் அறையில் இரண்டு நாற்காலிகள் அருகருகே கிடந்தன. கோட்டைத் திருப்பிப் போட்டுக் கணக்கிட்டதில், கருவி பதினைந்தரைக்கு மேல் காட்டியிருந்தாலே ரத்தத்தில் பதினேழு இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. மற்ற இரண்டு அணிகளில் அப்படிப் பதினைந்தரையைத் தாண்டியும், கருவியில் பதினேழைத் தொடவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் இருபத்து மூன்று பேர். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மஞ்சள் ரொம்ப ஏறி, கவனிக்காமல் விட்டால், காது கேட்காமலே போகலாம். பட்டியலும் தொலைபேசியும் மேஜையில் இருந்தன.

"நானே பேசறேன் அண்ணி," என்றாள் நாத்தனார். மூன்று வாரத்துக்குப் பிறகு தூதுவன் இல்லாமல் சொன்ன முதல் வார்த்தை.

"வேண்டாம். கணக்கு என்னுது." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ வீட்டுல சொன்னதை அங்க ஏன் சொல்லல?"

"உங்களை அங்க வச்சு அசிங்கப்படுத்தவா? அசிங்கப்படுத்தணும்னா வீட்டுலயே படுத்திக்க மாட்டேனா?" என்றாள் நாத்தனார்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அண்ணிக்கு.

"அழுதுட்டே போன் பண்ணா அவங்க பயந்துருவாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டு நம்பரைப் போடுங்க."

இரண்டு வயதை நெருங்கிய மூத்த குழந்தைகளிலிருந்து தொடங்கினார்கள். முதல் வீட்டில் தாய் எடுத்தாள். பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு சின்னப் பரிசோதனை. குழந்தைக்குத் தெரியாமல் பின்னால் நின்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள் என்றாள் பெரிய புள்ளி. அந்தத் தாய் கூப்பிட்டது காதில் விழுந்தது. உடனே குழந்தை கத்திக்கொண்டு ஓடிவரும் சத்தமும் விழுந்தது. நாத்தனார் பட்டியலில் குறி போட்டாள். இரண்டாவதும் திரும்பியது. ஐந்தாவது குழந்தை போனைப் பிடுங்கி அவளிடமே ஏதோ பேசியது. எட்டாவதுக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு கொஞ்சம் சீரானது.

ஒன்பதாவது வீட்டில் தாய் உற்சாகமாகத்தான் எழுந்து போனாள். செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். பிறகு கை தட்டும் ஓசை கேட்டது. ஒருமுறை, இன்னொரு முறை.

"விளையாட்டு மும்முரத்துல இருக்கான் போல," என்றாள் அந்தத் தாய். குரல் மாறியிருந்தது. "எப்பவுமே இப்படித்தான், கூப்பிட்டா உடனே திரும்ப மாட்டான். நீங்க டாக்டரா? எதுக்குக் கேக்கறீங்க?"

நாத்தனார் போனுக்காகக் கையை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை.

"டாக்டர் இல்லம்மா. உங்க குழந்தை பிறந்தப்போ மஞ்சள் பாத்த மெஷின் சரின்னு கணக்குப் போட்டுக் கொடுத்தவ நான். அந்தக் கணக்குல தப்பு பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில குழந்தையைக் கூட்டிட்டு வர முடியுமா? வாசல்லயே நிக்கறேன். நானே டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போறேன்."

மறுமுனையில் பதில் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். ஒன்பதாவது பெயருக்கு எதிரில் பேனாவை வைத்தபடி நாத்தனாரும் காத்திருந்தாள். அவளுடைய இன்னொரு கை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.